அறுபதாவது நாள் எது? ரிமாண்ட் நாள் கணக்கு பற்றி

நாள்கணக்கு எழுதியது:

சட்டத்தின் பெரிய கொள்கைகளைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது தேதி, முத்திரை, ‘முதல்’, ‘வரை’ போன்ற சின்னச் சமாச்சாரங்கள். அவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை இங்கே வைக்கிறேன். ஆர்வம் உள்ளவர்கள் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம்.

ஒருவரைக் கைது செய்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ரிமாண்ட் செய்கிறார்கள், அதாவது காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு போடுகிறார். 60 நாளுக்குள், பெரிய குற்றமானால் 90 நாளுக்குள், போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் அவர் ஜாமீன் கேட்கலாம், நீதிமன்றம் கொடுத்தே ஆக வேண்டும். குற்றம் எவ்வளவு கொடியது, ஆள் ஓடிவிடுவாரா, சாட்சியைக் கலைப்பாரா என்றெல்லாம் அப்போது பார்க்க முடியாது. இதுதான் டீஃபால்ட் ஜாமீன். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் பிரிவு 167(2), அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் பிரிவு 187(3).

சரி, ரிமாண்ட் செய்த அந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டுமா, மறுநாளிலிருந்து எண்ண வேண்டுமா?

உச்ச நீதிமன்றம் 1986இல் சாகண்டி சத்தியநாராயணா வழக்கில் ரிமாண்ட் நாளிலிருந்தே எண்ணச் சொன்னது. 1995இல் ருஸ்தம் வழக்கில் இன்னொரு அமர்வு முதல் நாளை விட்டுவிடச் சொன்னது. இரண்டுமே இரண்டு நீதிபதிகள் அமர்வு. அதன்பிறகு நாடு முழுவதும் சில நீதிமன்றங்கள் அப்படியும் சில இப்படியும் எண்ணிக்கொண்டிருந்தன. 2021இல் கபில் வாதவான் வழக்கில் இது பெரிய அமர்வுக்குப் போனது. 2023 மார்ச் 27 அன்று நீதிபதிகள் கே.எம். ஜோசப், ஹிரிஷிகேஷ் ராய், பி.வி. நாகரத்னா மூவரும் சாகண்டிதான் சரி, ரிமாண்ட் நாள் கணக்கில் சேரும் என்று முடித்தார்கள்.

அந்த வழக்கின் தேதிகளை மட்டும் பாருங்கள். ரிமாண்ட் 2020 மே 14. மே மாதத்தில் 14 முதல் 31 வரை 18 நாள். ஜூன் 30 நாள், ஆக 48. ஜூலை 12 வந்தால் 60. அமலாக்கத் துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது ஜூலை 13. முதல் நாளைச் சேர்த்தால் அது 61ஆவது நாள், ஜாமீன் உண்டு. விட்டுவிட்டால் 60ஆவது நாள், ஜாமீன் இல்லை. வழக்கு முழுவதும் அந்த ஒரு நாளில் நிற்கிறது. அந்த ஜூலை 12 ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பது இன்னொரு சுவை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

---

மூன்றாமாண்டு எழுதியது:

சார், சட்டக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது முதல் நாளை விட்டுவிட வேண்டும் என்பது. காலவரையறைச் சட்டம் பிரிவு 12 அப்படித்தான் சொல்கிறது. எல்லாச் சட்டங்களையும் படிக்கப் பொது விதி சொல்லும் பொது வாசகங்கள் சட்டம் 1897, பிரிவு 9உம் அதே. மேல்முறையீட்டுக்கு 30 நாள் என்றால் தீர்ப்பு வந்த நாளை எண்ணுவதில்லை. ஜாமீனுக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

---

நாள்கணக்கு எழுதியது:

தம்பி, சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். ருஸ்தம் தீர்ப்பும் பொது வாசகங்கள் சட்டத்தைக் காட்டித்தான் அந்த முடிவுக்கு வந்தது. அங்கே ரிமாண்ட் 1993 செப்டம்பர் 3, குற்றப்பத்திரிகை டிசம்பர் 2. செப்டம்பரில் 27, அக்டோபரில் 31, நவம்பரில் 30, டிசம்பரில் 2, ஆக 90. அதனால் தாமதம் இல்லை என்றார்கள்.

ஆனால் எந்த நாளை ஏன் விடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். மேல்முறையீட்டில் தீர்ப்பு மாலை நான்கரைக்கு வரலாம். அந்த நாளை வைத்துக்கொண்டு கட்சிக்காரர் எதுவும் செய்ய முடியாது. ஒரு காரியத்தைச் செய்ய அவகாசம் தரும்போது முழு அவகாசம் கிடைக்கட்டும் என்று முதல் நாளை விடுகிறோம்.

167(2) யாருக்கும் எதையும் செய்ய அவகாசம் தரும் பிரிவு இல்லை. ‘குற்றப்பத்திரிகையை இத்தனை நாளுக்குள் தாக்கல் செய்’ என்று அதில் எங்குமே கிடையாது. போலீஸ் 200ஆவது நாளிலும் தாக்கல் செய்யலாம், அது செல்லும். அந்தப் பிரிவு சொல்வதெல்லாம் மாஜிஸ்திரேட் ஒருவரைக் காவலில் வைக்க மொத்தம் எத்தனை நாள் அனுமதிக்கலாம் என்பதுதான். எண்ணப்படுவது காவல். அந்தக் காவல் ரிமாண்ட் உத்தரவு போட்ட கணத்தில் தொடங்கிவிடுகிறது. அன்று இரவு அவர் சிறையில்தான் படுக்கிறார். அந்த நாள் கணக்கில் இல்லை என்றால் அன்றைய இரவு அவரை உள்ளே வைத்திருக்க என்ன அதிகாரம்? வாதவான் தீர்ப்பின் உயிர்நாடி இந்தக் கேள்விதான்.

பிரிவு 9 வேலை செய்ய ஒரு காலத்தின் தொடக்கத்தையோ முடிவையோ சட்டம் ‘முதல்’, ‘வரை’ போன்ற சொற்களால் குறித்திருக்க வேண்டும். 167(2)இன் வரம்பு விதி அப்படி எழுதப்படவில்லை. மொத்தமாக ‘60 நாளுக்கு மேல் கூடாது’ என்கிறது. அதனால் பிரிவு 9 இங்கே நுழையவே முடியாது.

---

கணக்குவாத்தியார் எழுதியது:

நான் வக்கீல் இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர், தீர்ப்பு படிப்பது பொழுதுபோக்கு. இதில் கணக்கு ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

வேலிக்குப் பத்துக் கம்பம் நட்டால் இடைவெளி ஒன்பதுதான் இருக்கும். ‘இந்தத் தேதியிலிருந்து இத்தனை நாள் கழித்து’ என்றால் இடைவெளியை எண்ணுகிறோம், முதல் கம்பம் கணக்கில் வராது. ‘எத்தனை நாள் உள்ளே இருந்தார்’ என்றால் கம்பத்தையே எண்ணுகிறோம். ருஸ்தம் இடைவெளியை எண்ணியது, சாகண்டி கம்பத்தை எண்ணியது. இரண்டுமே கணக்காகச் சரி. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. சட்டம் கேட்பது ‘எத்தனை நாள் காவல்’ என்றால் நாள்கணக்கு சார் சொல்வதுதான் பொருந்துகிறது.

மாதமாக இல்லாமல் நாளாக எண்ணுவதால் இன்னொன்றும் வருகிறது. 2024 பிப்ரவரி 1 அன்று ரிமாண்ட் ஆனவருக்கு பிப்ரவரி 29, மார்ச் 31, ஆக 60ஆவது நாள் மார்ச் 31. அடுத்த வருஷம் அதே பிப்ரவரி 1 என்றால் மார்ச் 31இல் 59தான் ஆகிறது, 60ஆவது நாள் ஏப்ரல் 1. லீப் வருஷம் ஒருவரை ஒரு நாள் முன்னதாக வெளியே கொண்டுவரும்.

---

பழைய_குமாஸ்தா எழுதியது:

வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் தீர்ப்பில் பார்ப்பதை நாங்கள் ரிமாண்ட் வாரண்டிலேயே பார்த்துவிடுவோம்.

ஒரு தடவைக்கு 15 நாளுக்கு மேல் ரிமாண்ட் நீட்டிக்க முடியாது. எங்கள் பக்கத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் 1ஆம் தேதி ரிமாண்ட் செய்தால் உத்தரவில் ‘15ஆம் தேதி வரை’ என்றுதான் எழுதுவார்கள். 16 என்று எழுதிப் பார்த்ததில்லை. அதாவது முதல் நாளைச் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறார்கள். அந்த 15 நாளுக்கு ஒரு கணக்கு, மொத்தம் 60 நாளுக்கு வேறு கணக்கு என்றால் நான்கு பதினைந்து எப்படி அறுபது ஆகும்? வாரண்டின் பின்பக்கம் ஒவ்வொரு நீட்டிப்பும் தேதியோடு எழுதி முத்திரை வைத்திருக்கும். அதைப் பார்த்தாலே போதும்.

கட்சிக்காரர் குடும்பம் ஆபீசுக்கு வந்ததும் நான் முதலில் கேட்பது, ரிமாண்ட் என்றைக்கு. கைது என்றைக்கு என்றுதான் அவர்கள் சொல்வார்கள். ‘செவ்வாய்க்கிழமை ராத்திரி கூட்டிப் போனாங்க’ என்பார்கள். மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டது புதன் மதியமாக இருக்கும். கைதுக்கும் ரிமாண்டுக்கும் நடுவில் உள்ள அந்த 24 மணி நேரத்துக்குள்ளான நேரம் இந்த 60இல் சேராது. டைரியில் ரிமாண்ட் தேதி, அதற்கு நேரே 60, 90 வரும் தேதிகள், இரண்டும் சிவப்பு மையில். வழக்கு எந்தப் பிரிவு என்று பிறகு பார்த்து வேண்டாததை அடித்துவிடுவேன்.

---

ஓய்வு_எஸ்ஐ எழுதியது:

ஸ்டேஷன் பக்கத்திலிருந்தும் யாராவது பேச வேண்டும் அல்லவா?

60 நாள் என்பது வெளியே இருந்து பார்க்க நிறையத் தெரியும். தடய அறிவியல் அறிக்கை வரவில்லை, மருத்துவர் காயச் சான்று தரவில்லை, வெளிமாநிலச் சாட்சியைப் பிடிக்க முடியவில்லை, நடுவில் பந்தோபஸ்து பத்து நாள். எல்லாம் முடிந்து அரசு வழக்கறிஞர் பார்வைக்குப் போய், திருத்தம் சொல்லி, திரும்பி வந்து, நீதிமன்றத்துக்குப் போகும்போது 58, 59 ஆகிவிடும். அந்த நேரத்தில் ‘ஒரு நாள் பிசகிவிட்டது, கொலைக் குற்றவாளி வெளியே போகலாம்’ என்றால் செத்தவர் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது? ஒரு நாள் கணக்குக்காக ஒரு வழக்கே கையை விட்டுப் போவது எனக்கு இன்றும் மனது ஒப்பாத விஷயம்.

---

நாள்கணக்கு எழுதியது:

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வழக்கு எங்கும் போகவில்லை. ஜாமீன் மட்டும்தான் கிடைக்கிறது. குற்றப்பத்திரிகை வந்ததும் விசாரணை வழக்கம்போல நடக்கும். தண்டனை கிடைக்க வேண்டியவருக்குக் கிடைக்கும். தடய அறிவியல் அறிக்கை வராவிட்டாலும் கையில் இருப்பதை வைத்து அறிக்கை தாக்கல் செய்து, மேல்விசாரணையில் மீதியைச் சேர்க்கச் சட்டத்தில் வழி உண்டு. பழைய 173(8), இப்போது 193(9).

இரண்டாவது, இந்த 60ஐ யார் கொண்டுவந்தார்கள், ஏன் என்பது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் புலன் விசாரணைக் காவலுக்கு 15 நாள்தான். அதற்குள் முடியாதபோது பிரிவு 344ஐப் பயன்படுத்தி ரிமாண்டை நீட்டிக்கொண்டே போனார்கள். அதற்கு மேல்வரம்பு இல்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டம்தான் எல்லாக் குற்றத்துக்கும் 60 நாள் என்று கோடு கிழித்தது. போலீசுக்குப் போதவில்லை என்றுதான் 1978இல் பெரிய குற்றங்களுக்கு அதை 90 ஆக்கினார்கள். அதாவது நீங்கள் சொல்லும் சிரமத்தை நாடாளுமன்றம் பார்த்து, எடைபோட்டு, 30 நாள் கூட்டிக் கொடுத்துவிட்டது. அதற்கு மேலும் ஒரு நாளை நீதிமன்றம் தன் கையிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது. இன்னும் தீர்ப்பே வராத ஒருவருடைய ஒரு நாள் அது. நான் இந்த நாள் கணக்கை இவ்வளவு நேசிப்பதற்குக் காரணமும் அதுதான். வாதத் திறமையோ, பெரிய வக்கீலோ, நீதிபதியின் மனநிலையோ தேவையில்லை. காலண்டர் தெரிந்தால் போதும், ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே எண்.

---

மதுரைக்கிளை எழுதியது:

எங்கள் ஊர் விஷயம் ஒன்று இதில் வந்தே ஆக வேண்டும். 2020 கொரோனா சமயம்.

அந்த வருஷம் மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாக் காலவரையறையையும் மார்ச் 15 முதல் நீட்டித்தது. உடனே போலீஸ் தரப்பில் ‘அப்படியானால் 60, 90 நாளும் நீட்டிக்கப்பட்டதுதான்’ என்றார்கள். மே 8 அன்று சேட்டு என்பவர் வழக்கில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்த உத்தரவு இதற்குப் பொருந்தாது என்று ஜாமீன் கொடுத்தார். மூன்றே நாளில், மே 11 அன்று, அதே மதுரைக் கிளையில் இன்னொரு தனி நீதிபதி நேர்மாறாகச் சொல்லி ஜாமீனை மறுத்தார். சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு, எஸ். காசி என்பவருடையது.

காசி உச்ச நீதிமன்றம் போனார். ஜூன் 19 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு மே 11 உத்தரவை ரத்து செய்தது. வழக்குப் போடுபவருக்கு அவகாசம் தந்த உத்தரவு அது, ஒருவரைக் கூடுதலாக உள்ளே வைக்க அதிகாரம் தந்த உத்தரவு அல்ல என்றது. கூடவே இன்னொன்றும் சொன்னது. ஒரே நிலையில் உள்ள இன்னொரு நீதிபதியின் தீர்ப்போடு உடன்பாடு இல்லையென்றால் பெரிய அமர்வுக்கு அனுப்ப வேண்டும், எதிர்த்தீர்ப்பு எழுதக் கூடாது. எனக்கு இந்த இரண்டாவது பகுதிதான் ரொம்பப் பிடிக்கும். வாதவான் பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பம். சாகண்டி இருப்பதைப் பார்க்காமலே ருஸ்தம் வந்துவிட்டது. பார்த்திருந்தால் 1995லேயே பெரிய அமர்வுக்குப் போயிருக்கும், இருபத்தெட்டு வருஷக் குழப்பம் இருந்திருக்காது.

தமிழ்நாட்டு வழக்கு இன்னொன்றும் உண்டு. அதே 2020 அக்டோபரில் சரவணன் வழக்கு. டீஃபால்ட் ஜாமீன் கொடுத்துவிட்டு 8 லட்சம் ரூபாய் கட்டு என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். நாள் முடிந்தாலே பிறக்கிற உரிமைக்குப் பணம் கட்டச் சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. தினமும் காலை ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும் என்பதையும் கூப்பிடும்போது வந்தால் போதும் என்று மாற்றியது.

---

வடசென்னை_வக்கீல் எழுதியது:

நாள்கணக்கு சாருக்கு ஒரு கேள்வி. எம். ரவீந்திரன் வழக்கை மறந்துவிட்டீர்களா? அதுவும் சென்னையிலிருந்து போன போதைப்பொருள் வழக்கு, 2020 அக்டோபர் 26, அதுவும் மூன்று நீதிபதிகள். அதில் முதல் நாளை விட்டுத்தான் எண்ணியிருக்கிறார்கள். ரிமாண்ட் 2018 ஆகஸ்ட் 4. அந்த வழக்கில் வரம்பு 60, 90 அல்ல, 180 நாள். அந்த 180ஆவது நாள் 2019 ஜனவரி 31 என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆகஸ்டில் 27 என்று எடுத்தால்தான் ஜனவரி 31 வரும். மூவர் அமர்வு சொன்னதை இன்னொரு மூவர் அமர்வு எப்படி மாற்ற முடியும்?

---

நாள்கணக்கு எழுதியது:

மறக்கவில்லை, யாராவது கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன்!

நீங்கள் சொல்லும் கணக்கு சரி. ஆகஸ்ட் 4ஐச் சேர்த்திருந்தால் 180ஆவது நாள் ஜனவரி 30. ஆனால் ஜாமீன் மனு போட்டது பிப்ரவரி 1. எப்படி எண்ணினாலும் அன்று காலம் முடிந்துவிட்டது. அதனால் அந்த வழக்கில் முதல் நாள் கேள்வி எழவே இல்லை, யாரும் வாதிடவும் இல்லை, அமர்வு முடிவு செய்யவும் இல்லை. பின்னால் வரும் அமர்வைக் கட்டுப்படுத்துவது முடிவுக்குத் தேவையான காரணம் மட்டும்தான். போகிற போக்கில் போட்ட கூட்டல் கட்டுப்படுத்தாது.

ரவீந்திரனில் உண்மையாகவே முடிவானது வேறு விஷயம், அதுவும் அருமையானது. பிப்ரவரி 1 அன்று ஜாமீன் மனு தாக்கலாகிவிட்டது. மனு நிலுவையில் இருக்கும்போதே அதே நாள் மாலை வழக்கை நடத்திய வருவாய்ப் புலனாய்வுத் துறை கூடுதல் புகாரை (அங்கே குற்றப்பத்திரிகையின் இடத்தில் வருவது) தாக்கல் செய்து ‘இதோ வந்துவிட்டதே’ என்றது. உரிமை மனு போட்டதோடு உறுதியாகிவிட்டது, பிறகு வரும் எந்தத் தாளும் அதைப் பறிக்காது என்றது உச்ச நீதிமன்றம். அதனால்தான் தேதியோடு மணியும் முக்கியம்.

---

மூன்றாமாண்டு எழுதியது:

சார், அப்படியானால் மனு போடாமல் சும்மா இருந்தால்?

---

வடசென்னை_வக்கீல் எழுதியது:

போய்விடும் தம்பி. 61ஆவது நாள் வந்தாலும் மனு போடவில்லை, 63ஆவது நாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது என்றால் டீஃபால்ட் ஜாமீன் கிடையாது. 1994 சஞ்சய் தத் வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொன்னது. அதற்குப் பிறகு சாதாரண ஜாமீன்தான், வழக்கின் தன்மையைப் பார்ப்பார்கள். எழுத்து மனுவே வேண்டும் என்பதில்லை, நீதிமன்றத்தில் வாய்மொழியாகக் கேட்டாலும் போதும் என்று 2017இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். நான் என்றாலும் எழுத்தில்தான் போடுவேன், நேரம் பதிவாகும்.

உத்தரவு வாங்கியும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். உத்தரவுப்படி ஜாமீன்தாரர் கொடுக்கும் வரை காவல் தொடரும் என்று பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. நீதிமன்றம் தந்த நேரத்துக்குள் கொடுக்க முடியாமல், அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் கையில் கிடைத்ததும் போய்விடும். காலண்டர் எல்லோருக்கும் சமம் என்று மேலே எழுதியிருந்தீர்கள், அந்தக் கடைசிப் படியில் அது சமமாக இல்லை.

---

நாள்கணக்கு எழுதியது:

உண்மைதான் வக்கீல் சார், அந்த இடத்தில் எண் மட்டும் போதாது. அதனால்தான் 55ஆவது நாளிலேயே ஜாமீன்தாரர்களைத் தயார் செய்துவைக்கச் சொல்வேன்.

---

பழைய_குமாஸ்தா எழுதியது:

இன்னொன்று. குற்றப்பத்திரிகை ‘தாக்கல்’ என்றால் எது தாக்கல்? எங்கள் பக்கம் 59ஆம் நாள் கொண்டுவந்து கொடுப்பார்கள். நீதிமன்ற அலுவலகம் ‘சாட்சி வாக்குமூலம் இணைக்கவில்லை, ஆவணப் பட்டியல் இல்லை’ என்று ரிட்டர்ன் போடும். சரிசெய்து மறுபடி வரும்போது 70 ஆகியிருக்கும். இதை எப்படி எண்ணுவது?

---

நாள்கணக்கு எழுதியது:

ஐயா, இந்த இழையிலேயே கடினமான கேள்வி இதுதான். நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுத்து நடவடிக்கை தொடங்கியிருக்க வேண்டும் என்பது இல்லை. முறையான அறிக்கை கொடுத்தாலே போதும் என்று 2013இல் சுரேஷ் குமார் பிகம்சந்த் ஜெயின் வழக்கில் ஆகிவிட்டது. வழக்குத் தொடர அரசு அனுமதி வராமல் இருந்தாலும் தாக்கல் தாக்கல்தான்.

ஆனால் கொடுத்த காகிதம் சட்டப்படி அறிக்கையே இல்லை என்றால்? 2018 அச்பால் வழக்கைப் பாருங்கள், ராஜஸ்தான். உயர் நீதிமன்றம் இன்ன பதவிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தது. அதைவிடக் கீழ்ப்பதவி அதிகாரி காலம் முடியும் தறுவாயில் அறிக்கை கொடுத்தார், மாஜிஸ்திரேட் அதைத் திருப்பிக் கொடுத்தார். நாள் முடிந்தபோது நீதிமன்றத்தில் எந்த அறிக்கையும் இல்லை, அதனால் ஜாமீன் உண்டு என்றது உச்ச நீதிமன்றம்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது இது. பக்க எண் விடுபட்டதற்காக ரிட்டர்ன் ஆனால் தாக்கல் தேதி முதல் தேதியாகவே நிற்க வேண்டும். விசாரணையே முடியாமல் உறையை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் நிற்கக் கூடாது. நடுவில் உள்ளவை வழக்குக்கு வழக்கு பார்க்க வேண்டியவை. ரிட்டர்ன் குறிப்பின் சான்று நகலை வாங்கி வைக்காமல் இதை வாதிடப் போகக் கூடாது.

---

ஓய்வு_எஸ்ஐ எழுதியது:

அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன் என்றீர்களே. 60ஆவது நாள் ஞாயிறு என்றால் திங்கள் காலை கொடுத்தால் போதாதா? மற்ற எல்லாவற்றுக்கும் அப்படித்தானே?

---

நாள்கணக்கு எழுதியது:

போதாது ஐயா. நீதிமன்றம் மூடியிருந்தால் அடுத்த வேலைநாளில் செய்யலாம் என்பது பொது வாசகங்கள் சட்டம் பிரிவு 10. குறிப்பிட்ட நாளுக்குள் ஒரு செயலைச் செய்யச் சட்டம் சொல்லியிருந்தால்தான் அது வரும். முதலில் சொன்னதுபோல, குற்றப்பத்திரிகைக்குச் சட்டம் நாள் குறிக்கவே இல்லை. காவலுக்குத்தான் குறித்திருக்கிறது. காவலுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது, அன்றும் அவர் உள்ளேதான். வாதவான் வழக்கில் 60ஆவது நாள் ஞாயிறாக இருந்தும், ஜூலை 12க்குள் வந்திருக்க வேண்டும், 13இல் வந்தது 61ஆவது நாள் என்று தீர்ப்பில் தெளிவாக இருக்கிறது. வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு.

---

மூன்றாமாண்டு எழுதியது:

புதுச் சட்டத்தில் 60, 90 எப்போது என்பது மாறியிருக்கிறதா சார்? வகுப்பில் இதில் சண்டையே வந்தது.

---

வடசென்னை_வக்கீல் எழுதியது:

பழைய 167இல் ‘பத்தாண்டுக்குக் குறையாத’ சிறை என்று இருந்தது. ராகேஷ் குமார் பால் வழக்கில் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதற்குப் பொருள் சொன்னார்கள். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ வரக்கூடிய குற்றம் தவிர மற்றவற்றில், குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டு என்று இருந்தால்தான் 90. அதிகபட்சம் பத்தாண்டு வரை என்றிருக்கும் குற்றத்துக்கு 60. புதிய 187(3)இல் ‘பத்தாண்டு அல்லது அதற்கு மேல்’ என்று வாசகம் மாறியிருக்கிறது. போலீஸ் தரப்பு, ‘இப்போது அதிகபட்சம் பத்து என்றாலும் 90தான்’ என்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2024இலேயே, பத்தாண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு 60தான் என்று எடுத்திருக்கிறது. என் கருத்தும் அதுவே. ஒரு நாள் தண்டனைகூடக் கொடுக்க வாய்ப்புள்ள குற்றத்தைப் பத்தாண்டுக் குற்றம் என்று எப்படிச் சொல்வது?

போலீஸ் காவல் 15 நாளை முதல் 40 அல்லது 60 நாளுக்குள் பகுதி பகுதியாக எடுக்கலாம் என்பதும் புதியது. அதைத் தனி இழையில் பேசலாம், அது பெரிய கடல்.

---

நாள்கணக்கு எழுதியது:

தம்பிக்கு ஒரு கணக்கு கொடுக்கிறேன். கைது 2025 பிப்ரவரி 2 இரவு, ரிமாண்ட் பிப்ரவரி 3. அடிதடி வழக்காகப் பதிவானது. அடிபட்டவர் பிப்ரவரி 20 அன்று இறந்துபோய்க் கொலை வழக்காகப் பிரிவு மாறியது. எந்த நாள் உரிமை பிறக்கிறது? எப்போது மனு போடுவீர்கள்?

---

மூன்றாமாண்டு எழுதியது:

கைது தேதியை விட்டுவிட்டேன். ரிமாண்ட் பிப்ரவரி 3ஐச் சேர்த்து பிப்ரவரியில் 26, மார்ச் 31 (57), ஏப்ரல் 30 (87), மே 3 வந்தால் 90. பிரிவு மாறியது 60 முடிவதற்கு முன்பே என்பதால் 90தான் பொருந்தும். ஆனால் எண்ணத் தொடங்குவது முதல் ரிமாண்டிலிருந்துதான், பிப்ரவரி 20இலிருந்து அல்ல. மே 3 சனிக்கிழமை. மே 4 ஞாயிறு அன்று உரிமை பிறக்கிறது. மனு திங்கள், மே 5.

---

நாள்கணக்கு எழுதியது:

கணக்கு அத்தனையும் சரி. மனு போடும் நாளை மட்டும் மாற்றுங்கள்.

ஞாயிறு முழுவதும் போலீசும் சும்மா இருக்காது. திங்கள் காலை நீதிமன்றம் திறந்ததும் நீங்கள் வரிசையில் நிற்கும்போது உங்களுக்கு முன்னால் குற்றப்பத்திரிகைக் கட்டோடு காவலர் ஒருவர் நின்றால், அவர் முதலில் கொடுத்துவிட்டால், சஞ்சய் தத் வந்து உங்கள் மனுவை முடித்துவிடும். மே 3 அன்று போட்டால் அன்று 90 முடியவில்லை, முன்கூட்டிய மனு என்று திருப்புவார்கள். அதனால் மே 4, ஞாயிறு, நள்ளிரவு தாண்டியதும் இ-ஃபைலிங்கில் ஏற்றுங்கள். ஏற்றிய நேரம் காட்டும் ஒப்புகையை அச்செடுத்து வையுங்கள். திங்கள் காலை நேரிலும் போய் மாஜிஸ்திரேட் இருக்கையில் அமர்ந்ததும் வாய்மொழியாகவும் சொல்லுங்கள். ஜாமீன்தாரர் இருவரும் வரி ரசீதோடு உங்கள் பக்கத்தில் நிற்கட்டும்.

---

பழைய_குமாஸ்தா எழுதியது:

அச்செடுத்த ஒப்புகை இரண்டு நகல். ஒன்றை அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்தும் நேரமும் வாங்கிக்கொள்ளுங்கள், தம்பி.